பாத்தோம்பொட்டல்

ரொம்ப காலத்துக்கு முந்தி, மழை பேஞ்சா மட்டும் தண்ணி நிக்கிற நம்ம உடைகுளம் ஊர்ல, வெயிலாச்சி வெயிலாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டன் சங்கிலிக்குக் கூடப்பிறந்த அக்கா. அவ புருசன் மாடக்கண்ணு, பண்ணையார் வயல்ல கூலி.

அறுப்பு நேரம். மாடக்கண்ணு தலையில கதிர்க்கட்டு. எதுக்க பண்ணையார் வாராரு. "தலைத்துண்டை எடுக்காம வாரியால?"ன்னு கேட்டாராம். துண்டு, கட்டுக்கு அடியில சுருட்டி வச்ச சும்மாடா இருக்கு. எப்படி எடுப்பான்? "சொமைய எறக்கிட்டு எடுக்கேன் சாமி"ன்னான். அவ்வளவுதான். பண்ணையார் சொல்லி, அவரு ஆளுக களத்துப் பனையில கட்டி வச்சு அடிச்சாங்களாம். "தண்ணி... தண்ணி..."ங்கான். நம்ம சனம் பூராவும் நிக்குது. ஒருத்தர் அசையல. வெயில் தாழுறதுக்குள்ள உசுரு போயிட்டு.

வெறகுக்குப் போன வெயிலாச்சி வந்து பாக்கா. பொம்பளைக ஒப்பாரி வைக்க உக்காந்தாங்க. "வாய மூடுங்கடி! அந்த மனுசன் தண்ணி கேக்கும்போது வராத சத்தம் இப்ப எதுக்கு?"ன்னாளாம். சத்தமில்லாமத்தான் அடக்கம் பண்ணுனாங்க.

மறுநாளு உச்சிவெயிலுக்கு ஒவ்வொரு வாசலா வந்து நிக்கா.

"மதினி, பாத்தியளா?"

"பாக்கல தாயி."

"சித்தப்பா, பாத்தீரா?"

"நான் அங்கன இல்லம்மா."

தம்பி வாசலுக்கும் வந்தா. "சங்கிலி, பாத்தியால?"

"பாக்கலக்கா."

மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. திட்டல, அழல. கேப்பா, போவா. உச்சி வந்தா ஊரே கதவச் சாத்திக்கிடுமாம். சாத்துன கதவுக்கு வெளிய நின்னும் கேப்பாளாம். பிள்ளைக தூக்கத்துல "பாக்கல, பாக்கல"ன்னு உளறுச்சுங்களாம்.

ஒருநா சங்கிலி கதவத் தொறந்துட்டாரு. "பாத்தேன்க்கா. தண்ணின்னு என் மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டாரு அத்தான். செம்பு என் கையிலதான் இருந்துச்சு."

வெயிலாச்சி தம்பி கையப் பிடிச்சு அடுத்த வாசலுக்குக் கூட்டிட்டுப் போனா. "சொல்லு"ன்னா. சொன்னாரு. அந்தக் கதவும் தொறந்துச்சு. அப்படியே தெரு பூராவும் சேந்து போலீசு ஸ்டேசனுக்குப் போயி, "நாங்க பாத்தோம்"னு நின்னாங்களாம்.

பண்ணையாருக்குத் தண்டனை கெடச்சுதா? இல்ல. வெளிய வந்துட்டாரு. ஆனா அந்த வயல்ல அப்புறம் நம்மாளு ஒருத்தர் காலு படல. அறுக்க ஆளில்லாம கதிரு நின்ன வாக்குல உதிந்து, நெலம் பொட்டலாப் போச்சு.

வெயிலாச்சியும் போய்ச் சேந்தா. ஆனா உச்சியில அந்தப் பக்கம் ஆடு பத்திட்டுப் போனா, முதுகுக்குப் பின்னால "பாத்தியா?"ன்னு ஒரு பொம்பளை கேக்குற மாதிரி இருக்குங்காங்க. ஓடப்படாது. "பாத்தோம் தாயி"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் தாண்டணும். அதான் அதுக்குப் பேரு பாத்தோம்பொட்டல்.

என்னம்மா, நேத்து வாக்கப்பட்டு வந்தவ, நான் ஒண்ணும் பாக்கலையே, நான் ஏன் சொல்லணும்னு கேக்கியா?

இப்பக் கதையக் கேட்டுட்டேல்ல. இனி நீயும் சொல்லணும்.