முகம் பார்க்கிற பக்கம்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் படப்பிடிப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே, துயரத்தைத் தாங்கி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தவர்களே, கிடைக்காதவர்களே! வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரன். ‘படக்கலைச் செம்மல்’ ஜன்னல் அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? அவர் எடுத்தார், நான் கண்ணாடி போட்டேன், அவ்வளவுதான்.

ஏன் ஜன்னல் அண்ணன்? எத்தனை விளக்கு இருந்தாலும் படமெடுக்க வருகிறவர்களை ஜன்னலோரம்தான் உட்காரவைப்பார். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் முகத்துக்கு உயிர் வரும் என்பார். “சிரிங்க” என்று ஒருநாளாவது சொல்லியிருப்பாரா? மாட்டார்! “வீட்டுல யாரு குறட்டை?” என்று கேட்பார். எதிரே இருப்பவர் சிரித்ததும் எடுத்துவிடுவார்.

ஒரு புதுமாப்பிள்ளை, “கலரைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே” என்றார்.

“ஏத்தலாம் தம்பி. அப்புறம் உங்க பொண்டாட்டி, யாருடா இவன்னு கதவைச் சாத்திட்டா நான் பொறுப்பில்ல.”

கணினியில் பருவை அழிப்பார், தழும்பைத் தொடமாட்டார். பரு அடுத்த வாரம் போய்விடும், தழும்பு அந்த முகத்துக்கே சொந்தம் என்பார்.

என் மகள் அவரிடம் படம் திருத்தும் வேலை பார்த்தவள். ஒருநாள் ஒரு குழந்தையின் படத்தை மூக்கு நுனிவரை வெட்டிவிட்டாள். “அம்மாடி, முகம் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் இடம் விடு. புள்ள சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது பாரு!” என்றார்.

இப்போது முட்டிக்கொண்டு நிற்பவன் நான். அண்ணனின் ஸ்டூடியோவை இனி என் மகளே ஏற்று நடத்துவாள் என்று எனக்கு முன் பேசிய தலைவர் அறிவித்துவிட்டார். நீங்களும் கைதட்டிவிட்டீர்கள். அண்ணி என் கையைப் பிடித்து, “நீங்களும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி” என்றார். எப்படி மறுப்பேன்? வீட்டிலேயே மறுக்கத் தெரியாதவன், மேடையிலா மறுப்பேன்!

ஆனால் அவளுக்குக் கடலாய்வுக் கப்பலில் படம் எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அண்ணனே சிபாரிசு செய்த வேலை. துறைமுகத்துக்கு வண்டி இன்னும் சற்று நேரத்தில். அவளோ நடு வரிசையில் அசையாமல் உட்கார்ந்து வாசலையே பார்க்கிறாள்.

அண்ணி, மன்னியுங்கள். தலைவரே, மன்னியுங்கள். அவள் நடத்தமாட்டாள். அதற்காக அண்ணனின் பணி நின்றுவிடுமா? நிற்காது! நாளை ஸ்டூடியோவை நான் திறப்பேன். படம் கோணலாக வந்தால் சட்டத்தைக் கோணலாக மாட்டி நேராக்கித் தருவேன். இது உறுதி!

மகளே, எழுந்திரும்மா. நடு வரிசைப் பெரியோர்களே, கொஞ்சம் காலை மடக்கி வழிவிடுங்கள். தலைவர் மைக்குக்குக் கை நீட்டுகிறார். நீட்டட்டும்! நீ வாசலைத் தாண்டும்வரை நான் தரப்போவதில்லை.