பதினேழாம் எண் மரத்துக்கு நான் எழுதிய மரணச் சான்றிதழ்

அவைக்குத் தலைமை தாங்கி, அரைத்தூக்கத்திலும் அழகாகத் தலையசைக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்படியை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டு வந்திருக்கும் வீரத் தாய்மார்களே! பயிற்சி முடித்துச் சான்றிதழுக்காகக் கழுத்தை நீட்டியிருக்கும் தெருமரத் தொண்டர்களே! வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு கொலை செய்யப் பார்த்தவன். கத்தியால் அல்ல, கையெழுத்தால்!

போன முறை இதே பயிற்சியில் நான்தான் முதல் மாணவன். நம் பயிற்சியாளர் அம்மா என்ன சொன்னார்? "இலை இல்லைன்னு எழவு கூட்டாதீங்க. பட்டையை நகத்தால சுரண்டுங்க. உள்ளே பச்சைன்னா உயிர் இருக்கு." எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன். கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்த தையற்கடை அக்காவைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கவும் செய்தேன்.

அடுத்து மரக் கணக்கெடுப்பு. பதினேழாம் எண் மரம் அந்த அக்காவின் கடை வாசலில். ஆறு மாதமாக, தினம் ஒரு வாளி தண்ணீர் சுமந்து அவர் வளர்த்த பிள்ளை. ஒரு இலைகூட இல்லை. சுரண்டினேன். (அன்று காலைதான் என் மனைவி என் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள்.) பழுப்பு! மறுபடி சுரண்டினேன். பழுப்போ பழுப்பு! 'பட்டுப்போனது, பிடுங்கலாம்' என்று எழுதி, கையெழுத்துக்கு அடியில் இரண்டு புள்ளியும் வைத்தேன்.

என்னம்மா, அதற்குள் சிரித்தால் எப்படி? மூச்சைச் சேமித்து வையுங்கள்.

மறுநாள் கடப்பாரையோடு ஆள் வந்தார். மரத்தை அடையாளம் காட்ட நானும் கூடப் போனேன். கழுத்தில் அளவுநாடா ஆட, காலில் செருப்பில்லாமல் அக்கா ஓடி வந்தார்.

"யாரு செத்துப்போச்சுன்னு எழுதினது?"

"நான்தான்க்கா. சொல்லிக்கொடுத்தபடியே சுரண்டிப் பார்த்துத்தான்…"

"எதைச் சுரண்டினே?"

காட்டினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, அது மரத்துக்குக் கட்டின முட்டுக்கம்பு. மரம் பக்கத்துல நிக்குது."

தடித்து நின்றது மரம், ஒல்லியாக நின்றது கம்பு என்று நினைத்துவிட்டேன். என் உடம்பைப் பாருங்கள், வேறெப்படி நினைப்பேன்?

ஊசி பிடித்த விரலால் அக்கா அந்த ஒல்லிக்குச்சியை மெல்லக் கீறினார். பச்சை! கிளிப்பச்சை! கடப்பாரைக்காரர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "பொழைச்சுக்கிச்சு" என்றார். அக்கா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த மரத்தைக் கட்டிக்கொள்ள ஒரு கையே அதிகம்.

ஆகவே தொண்டர்களே! தெருவுக்கு நிழல் தருவது மரம். மரத்துக்கு நிழல் தருவது யார்? படிவமா? பதவியா? பட்டமா? இல்லை! வாளி சுமந்த கை! வாடினால் கலங்கும் கண்! வாசலில் நின்று வாதாடும் வாய்! அவை இருந்தால் கடைசி பெஞ்சில் தாராளமாகத் தூங்குங்கள். இல்லையென்றால் முதல் மாணவனாகி என்ன கிழிக்கப்போகிறீர்கள்? முட்டுக்கம்புக்கு மரணச் சான்றிதழ் எழுதுவீர்கள், என்னைப்போல!

இப்போது தட்டுகிற கைகளுக்கெல்லாம் நன்றி. அதே கைகள் நாளைக் காலை வாளி தூக்கட்டும். வணக்கம்.

இறங்குமுன் ஒரு சின்னத் தகவல். அந்த முட்டுக்கம்பும் போன வாரம் துளிர்விட்டிருக்கிறது.