கண் மருத்துவமனைப் பக்கத்தை நான் அழகு செய்த விதம்

பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது ஐம்பத்து மூன்று. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதுவது தொழில். சிரித்தவர்கள் யாரும் சாட்சிக்குக் கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இணையக் கலைக்களஞ்சியத்தில் எனக்கு ஒத்து ஊதிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவிலி, கல்லூரி மாணவன் ஆகிய மூவரும் நானேதான்.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் சம்பளமில்லாமல் எழுதலாம், திருத்தலாம். காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விதி. தனியார் கண் மருத்துவமனை ஒன்றின் மேலாளர் என்னை அழைத்து, தங்கள் பக்கத்தை "கொஞ்சம் அழகு பண்ணிக் குடுங்க சார்" என்றார். பணம் வாங்கினேன், அறிவிக்கவில்லை. அதன் பிறகு, அங்கே அறுவை செய்துகொண்ட சிலருக்குக் கிருமி தொற்றிப் பார்வை போனது என்றிருந்த பத்தியை நீக்கினேன். அது வதந்தி என்றே மனதார நம்பினேன்.

அதன் பிறகு 'ஆந்தை' என்ற புனைபெயரில் எழுதும் ஒரு பெண்மணி, நாளிதழ்ச் செய்தியை ஆதாரம் காட்டி அப்பத்தியைத் திரும்பச் சேர்த்தார். நான் நீக்க, அவர் சேர்க்க, விவகாரம், திருத்துபவர்கள் வாதாடிக்கொள்ளும் உரையாடல் பக்கத்துக்குப் போனது. அங்கே என் மூவரையும் இறக்கினேன். சந்தேகம் வராதிருக்க அவர்களுக்குள் சண்டையும் மூட்டினேன். மாணவன் தலைமையாசிரியரிடம், "பெருசு, மாத்திரை போட்டுட்டுப் படுங்க" என்று எழுதினான். அன்று முழுவதும் எனக்கே அவன்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் ஆந்தை சொந்தப் பகையைத் தீர்க்கிறார் என்பதில் மூவரும் ஒன்றுபட்டார்கள். "எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சு. இதுக்குப் பேரு பகையா?" என்று அவர் கேட்டார். செவிலியாக நான், "பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று எழுதினேன். கலைக்களஞ்சிய நிர்வாகிகள் அவரைத் தடை செய்தார்கள்.

அதன் பிறகு, பள்ளி வேன் ஓட்டும் என் கொழுந்தியாள், சர்க்கரையால் சீக்கிரமே வந்த கண்புரைக்கு எங்கே போகலாம் என்று கேட்டு வீட்டுக்கு வந்தார். கைபேசியில் அந்தக் கலைக்களஞ்சியப் பக்கத்தைப் பார்த்து என் மனைவியிடம், "அக்கா, இந்த ஆஸ்பத்திரியப் பத்தி ஒரு குறையும் போடலையே. இங்கயே பண்ணிக்கறேன். என்ன மாமா?" என்றார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "பெரிய இடம்தான்" என்றேன்.

அறுவைக்குப் பின் சீழ் பிடித்து, வலது கண்ணையே எடுத்துவிட்டார்கள். வேன் சாவியை அவரே போய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என்னைப் பார்க்க முகத்தை முழுதாகத் திருப்பி, "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க, பாவம்" என்கிறார். மருத்துவமனைமீது அவர் கொடுத்த புகாரை விசாரித்தபோது மேலாளர் என்னைக் காட்டிக்கொடுத்ததால் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

இதுவரை சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியது குறைத்தது எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை. ஆய்வாளர் கேட்டதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தப் பத்தியை நீக்கிய அடுத்த மாதம் எனக்கும் கண்புரை அறுவை நடந்தது. வேறு மருத்துவமனையில்.

(ஒப்பம்)