நாளைக்குப் போடும் காப்பி

— இன்னும் பத்தொன்பது மணி நேரம்தான் இருக்கு, நானா. நாளைக்குப் பகல் பன்னெண்டுக்கு லோரி வந்து எஸ்டேட் கேட்டுல இறக்கி விடுமாம். நல்ல காப்பித் தூளா ஒண்ணு குடுங்க.

— யாரை இறக்கி விடுமாம்?

— எங்க வீட்டுக்காரரைத்தான். தடுப்புக் கேம்புல இருந்து விட்டுட்டாங்க. ஆபீஸ் கிராணி கடுதாசியைப் படிச்சுச் சொன்னார்.

— செல்லையாவையா? அல்ஹம்துலில்லாஹ்! எத்தனை மாசம் ஆச்சு, நாகமணி?

— பதினாலு மாசம், ஆறு நாள். தூளைக் காட்டுங்க நானா, ஆறு மணிக்குக் கேட்டை அடைச்சிருவான். கையில ஒரு வெள்ளிதான். அதுலயே பால் டின்னும் வாங்கணும்.

— இந்தா, நீ எப்பவும் வாங்குறது.

— அது வேணாம். அது காப்பியா? கருகின சோளம்.

— ஒரு வருசமா அதைத்தான குடிக்கிறே? ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

— எனக்கு மட்டும்னா எதுவா இருந்தா என்ன? அவர் வாயில வச்சதும் கண்டுபிடிச்சிருவார்.

— அப்ப இதைப் பாரு. சீனியும் பட்டரும் போட்டு வறுத்தது. செகிஞ்சான்ல இருந்து வர்ற சீன முதலாளி தவுக்கேகூட, அசாம் ஜாவா மீரா சாகிபு கடைத் தூளுன்னாத்தான் வாங்குறான்.

— ஒரு கிளாசுல பச்சைத் தண்ணி குடுங்க.

— எதுக்குலா?

— ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்போம். ஆங், பாருங்க. போட்டதும் கறுப்பு இறங்குது. அடியில வேற என்னமோ படியுது. புளியங்கொட்டையா?

— யா அல்லா! நீ சாமான் வாங்க வந்தியா, சோதனை போட வந்தியா? கேட்டுல நிக்கிற போலீசே தேவலாம்.

— கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்குன்னு உள்ள ஒரு டப்பா வச்சிருப்பீங்களே, அதுல ஒரு சிட்டிகை எடுங்க.

— கண்ணு இருக்கே உனக்கு! இந்தா. மிதக்குதா?

— மிதக்குது. தண்ணிகூட நிறம் மாறல. இதுதான் வேணும். விலைதான் பயமா இருக்கு.

— பயப்படாத. நம்ம பக்கத்துல காய்ச்ச கொட்டைதான், கலப்பு கிடையாது. சோளத் தூளுன்னா ஒரு கிளாசுக்கு மூணு கரண்டி போடுவே. இது ஒண்ணரை போதும். துணிப்பையில போட்டு வெந்நிய மேல ஊத்து, தூளை அடுப்புல கொதிக்க விட்டுடாத. சின்னப் பொட்டலமா வாங்கு, வாசம் போறதுக்குள்ள தீர்ந்துரும்.

— அப்ப சின்னப் பொட்டலமே கட்டுங்க.

— கட்டுறேன். காசு வேணாம். செல்லையாவுக்கு நான் குடுத்ததா இருக்கட்டும்.

— இல்ல நானா. ஞாயித்துக்கிழமையும் ரப்பர் மரம் சீவிச் சேர்த்த காசு இது. நாளைக்குக் காப்பி இதுலதான் போடணும்.

— வீம்பு புடிச்சவ.

— வீம்பு இல்ல. குடிச்சு முடிச்சதும் அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஓசிக் காப்பியக் குடுத்துட்டு அதைக் கேக்க முடியாது.

— என்ன கேக்கப் போறே?

— முதல்ல பால் டின்னை எடுங்க.

— எடுத்துட்டேன். இரு, ஆணியால குத்தணும். இந்தா ஒரு ஓட்டை. ரெண்டு.

— போதும் நானா! மூணாவது எதுக்கு? வழியெல்லாம் ஒழுகப் போகுது.

— கேட்டுல பாக்குறவனுக்குத் தெரியணும்ல.

— தெரியும். ஓட்டை போட்டா பால் கெட்டுரும், காட்டுல ஒளிஞ்சிருக்குற கம்யூனிஸ்ட்காரங்களுக்குப் போய்ச் சேராது. சட்டம் எனக்கும் தெரியும். அன்னிக்கு அவர் பையில இருந்த டின்லதான் ஓட்டை இல்ல, அதான் புடிச்சுட்டுப் போனாங்க.

— நல்ல நாளும் அதுவுமா அதை ஏன் எடுக்குறே?

— அதைத்தான் கேக்கப் போறேன். ஓட்டை போட்டுத்தான் வித்தேன்னு நீங்க போலீசுகிட்ட சொன்னீங்க. அப்ப அந்த டின் வேற எங்கிருந்தோ வந்திருக்கு. அதை யாருக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னு அவர்கிட்ட கேக்கணும்.

— செல்லையா என்ன சொன்னான்?

— இங்க வாங்குன டின்தான்னு சொன்னார். நானா மறந்திருப்பார்னார். கேம்புக்குப் பார்க்கப் போனப்பவும் அதையேதான் சொன்னார். அஞ்சு வேளை தொழுகுற மனுசன் பொய் சொல்லுவாரான்னு முகத்துக்கு நேராக் கேட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் நான் பார்க்கப் போகவே இல்ல.

— பதினாலு மாசத்துல ஒரே தடவைதான் போனியா?

— ஒரே தடவை. இப்ப மனசைத் தேத்திக்கிட்டேன் நானா. காட்டுக்குத்தான் குடுத்தேன்னு சொன்னாலும் சரி. உண்மைய மட்டும் சொல்லிட்டா, பழசை விட்டுட்டுப் புதுசாத் தொடங்கிரலாம்.

— மறுபடியும் பழையபடியே சொன்னான்னா?

— சட்டி பானையை எடுத்துக்கிட்டு தஞ்சோங் காராங்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். பொய் சொல்ற ஆளோட ஒரே லயத்து வீட்டுல எப்படி இருக்குறது?

— நாகமணி, அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு.

— நேரமாச்சு. பொட்டலத்தைக் குடுங்க.

— உக்காருன்னேன்ல. அன்னிக்குக் கர்பியூ சங்கு ஊதப் போற நேரம். வாசல்ல லோரி நிக்குது, சாமான் இறக்குறான். செல்லையா ஓடி வந்தான். எனக்கு ஆணியக் காணோம்.

— ஆணியையா?

— இதே ஆணிதான். சீனி மூட்டைக்குக் கீழ கெடந்திருக்கு, மறுநாள்தான் பார்த்தேன். அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் வந்துட்டான். கடை லைசென்சைக் கையில வச்சுக்கிட்டு, டின்னை இந்த மேசை மேலதான் வச்சான்.

— லைசென்சை எதுக்கு எடுத்தான் நானா?

— புடுங்கிருவேன்னு காட்டத்தான். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நானும் கேட்டுல வந்து நிப்பேன். செல்லையாகிட்டச் சொல்லுவேன், அப்படியே ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லுவேன். லைசென்ஸ் போனா போகட்டும். நீ அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத, காப்பிய மட்டும் போட்டுக் குடு.

— என்ன சொல்லப் போறீங்க?

— அது என் கடை டின்தான், தங்கச்சி. நான் ஓட்டை போடவே இல்ல.