முதல் கட்டம்

உங்கள் நாற்காலி ஆடுகிறது இன்ஸ்பெக்டர் ஐயா. இடப்பக்கப் பின்கால் கொஞ்சம் குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மாமனார் சாவைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் இரண்டு கேள்விகள் அதனால்தான் காதில் ஏறவில்லை. மன்னிக்க வேண்டும்.

ஆபீஸில் எனக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். என் மேஜையில் பேனாக்கள் உயர வரிசையில் இருப்பதால் வைத்தார்கள். நான் கோபப்படவில்லை. அளவுகோல் உபயோகமான சாமான்தான்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நிற்கும் கருவி. நோயாளியின் மூச்சைக் கவனிக்கும். நின்றால் அலாரம் அடிக்கும். அதற்குள் ஓடும் மென்பொருளில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் அம்மா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாரும் அவளிடம்தான் கேட்கவேண்டும், வெளியே யாருக்கும் அவளைத் தெரியாது. திரைக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று என்று மாட்யூல்கள் அவள் பிள்ளைகள். யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாக எழுதிவைத்த பட்டியல் ஒன்று உண்டு. ஸ்ட்ரக்சர் என்போம். பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது நான்.

முதல் கட்டத்தில் கருவியின் எண். இரண்டாவதில், திரை மங்குவதற்கு அறுநூறு விநாடி. மூன்றாவதில், மூச்சு நின்றபின் அலாரம் காத்திருக்க வேண்டிய நேரம், எட்டு விநாடி. மாட்யூலுக்குக் கட்டத்தின் பெயரைப் படிக்கத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். அலாரம் மாட்யூல் நேரே மூன்றாவது கட்டத்துக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்துக்கொள்ளும். அதனால் புதிதாக எதையும் நடுவிலோ முன்னாலோ நுழைக்கக்கூடாது. அதற்கென்றே கடைசியில் நாலு காலிக் கட்டங்கள் விட்டிருக்கிறோம். இதை நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் தூக்கத்தில் சொல்வான்.

அலாரம் மாட்யூலை எழுதியவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பேனாவுக்கு மூடிதான் போடமாட்டான். அவன் மாட்யூல் சோதனைகளில் தேறி முத்திரை வாங்கியது என்பதால் அதை யாரும் தொடக்கூடாது. மற்ற மாட்யூல்களைப் பட்டியலுக்கு ஏற்பப் புதுப்பித்துக்கொள்வோம்; இது மட்டும் பழையது அப்படியே கருவியில் ஏறும்.

மாமனார் மகனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும், "உயிரக் காப்பாத்துற மெஷினே இவன் செஞ்சதுதான்" என்பார். பிறகு நான் நிற்பது கண்ணில் பட்டுவிடும். "இவரும் அங்கதான் இருக்காரு" என்பார். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் மாறியதில்லை. ஒப்புக்குச் சப்பாணியாகச் சிரித்து வைப்பேன். ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். அதற்காக இந்த ஒழுங்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை.

ஆகவே ஸ்ட்ரக்சரில் என் பணியாளர் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். செய்தவன் அடையாளம் இருப்பது நியாயம்தானே? முதல் கட்டமாகச் சேர்த்தேன். கடைசிக் கட்டத்தில் போய் உட்கார எனக்கு மனமில்லை. மற்றவை எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போயின. மூன்றாவது கட்டத்துக்கு அறுநூறு வந்தது.

தெரியாமல் செய்தேனா என்கிறீர்கள். தெரியும் ஐயா. ஸ்ட்ரக்சரின் வடிவம் மாறினால் அதன் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டவேண்டும். கூட்டினால் பழைய மாட்யூல் அதைப் பார்த்து, ஏறமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிடும். நான் கூட்டவில்லை. எங்காவது ஓர் அலாரம் தாமதமாக அடிக்கும், புகார் வரும், மச்சினன் நாலு பேர் முன்னால் முழிப்பான். அதற்குமேல் எனக்கு ஆசை இருந்ததில்லை. சோதனை அறையிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே அலாரம் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்கள்; அமுக்கினால் உடனே அடிக்கும். மூச்சை நிறுத்திப் பார்க்க யாரும் முன்வருவதில்லை.

புதுக் கருவிகளில் மூன்று, ஓர் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன வாரத்தில் மாமனாருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அவரை அதே வார்டில் சேர்த்தார்கள். நான் ஏற்பாடு செய்யவில்லை, விசாரித்துக்கொள்ளலாம். சரிசெய்ய எனக்கு ஐந்து நாள் இருந்தது. ஒரு வரி வேலை. ஆனால் திருத்தப் படிவத்தில் 'பிழைக்குக் காரணம்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் படிவம் நகராது. பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

ஐந்தாம் நாள் மதியம் மச்சினனை அழைத்துவர மனைவி கீழே போனாள். நானும் மாமனாரும் மட்டும் இருந்தோம். அவர் கருவியைக் கண்ணால் காட்டினார்.

"மாப்ள, இது நம்ம பையன் செஞ்சதுல்ல. இது பக்கத்துல இருக்குற வரைக்கும் எனக்குப் பயமே இல்ல."

நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு விநாடி போயிற்று. அலாரம் அடிக்கவில்லை. கணக்குச் சரி. நர்ஸின் மேஜை பதினாலு அடி தூரம், வரும்போதே எண்ணியிருந்தேன். கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். கூப்பிட்டால் யாராவது வந்து எதையாவது தொடுவார்கள். பிறகு அது எத்தனையாவது விநாடியில் அடிக்கும் என்பது கடைசிவரை தெரியாது. அவர் விரல் என் சட்டைக் கையை இரண்டு முறை இழுத்தது. நாலாவது நிமிடத்தில் நானே மெதுவாக எடுத்துவிட்டேன். சட்டை கசங்கிக்கொண்டிருந்தது.

சரியாக அறுநூறாவது விநாடியில் அடித்தது. ஒரு விநாடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நர்ஸ் ஓடிவந்தாள். லிஃப்டிலிருந்து இறங்கிய மச்சினன், தன் அலாரம் அடிப்பதைக் கேட்டபடி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அவனைத்தான் குற்றவாளி என்று எழுதியிருக்கிறார்கள். அவனும் நம்பிவிட்டான். வெளியே உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறானே, அவன்தான். அவனுக்காக மனம் இரங்கி வந்தேன் என்று என் மனைவி நினைக்கிறாள். நல்லவள், அப்படியே நினைக்கட்டும்.

நான் வந்தது விசாரணை அறிக்கையைப் படித்தபின். பதினெட்டுப் பக்கம் ஐயா. அலாரத்தை எழுதியவர், அலாரத்தை எழுதியவர் என்று பக்கத்துக்குப் பத்து இடத்தில் அவன். ஸ்ட்ரக்சரை யாரும் திறந்தே பார்க்கவில்லை. என்னைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: சம்பவத்தின்போது மருமகனும் அங்கே இருந்தார்.

வேண்டுமென்றே செய்தேன். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். மாமனார்மேல் எனக்குத் துளி வன்மம் கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தில் என் பெயர் முதல் வரியில் வரவேண்டும். எழுதியதும் ஒருமுறை காட்டுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.