வாய் தைத்த மூட்டை

மலையிறங்கும் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு வாந்தி வராமல் இருக்க ஆரஞ்சுத் தோலைப் போல நல்ல மருந்து கிடையாது, இன்ஸ்பெக்டரம்மா. லேசாகக் கிள்ளி மூக்கருகே காட்டினால் போதும், கொண்டை ஊசி வளைவெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடும். நான் எத்தனை பிள்ளைகளை அப்படிச் சேலத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன் என்பது முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும்.

நாகலூரில் அமுதா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ஜெயிலூட்டு அக்கா’ என்று கேளுங்கள், கண்டக்டரே என் வாசலில் இறக்கிவிடுவார். புருஷன் ஜெயிலுக்குப் போய்விட்ட பெண்கள் எஸ்டேட் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம்தான் விடுவார்கள். சோறு போடுவேன், தலை பின்னுவேன், மாதம் ஒருமுறை சேலம் ஜெயிலுக்கு அப்பனை மனு பார்க்கக் கூட்டிப்போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பன் அழுவான், இந்தப் பக்கம் பிள்ளை அழும். நான் நடுவில் ஏதாவது கோமாளித்தனம் பண்ணி இரண்டு பேரையும் சிரிக்கவைத்துவிடுவேன். திரும்பும் வழியில் ஆளுக்கொரு தட்டுவடை செட். அப்பா வீட்டிலேயே இருக்கிற பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டன என்றால் நம்புவீர்களா?

போன வருஷம் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் விடுதலையாகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான், நானே தெருவுக்கு லட்டு கொடுத்தேன். ஆனால் வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆழாக்கு அரிசி வடித்தால் மறுநாளும் பழைய சோறுதான்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுக் கீர்த்திகா. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ஏனுங்க அமுதாம்மா, இன்னிக்கு என்ன கொழம்புங்க?” என்பாள். அம்மா என்று கூப்பிட நான்தான் பழக்கினேன். அவள் அப்பா குழந்தைவேல் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். தங்கமான மனுஷன், பீடிகூடக் கிடையாது. ஒருநாள் மனைவி கண்ணாயியோடு வந்து சொன்னார்.

“காப்பிப் பழச் சீசன் முடிஞ்சதும் திருப்பூருக்குப் போயர்லாம்னு இருக்கறோமுங்க்கா. பனியன் கம்பெனில ரெண்டு பேருக்கும் வேல இருக்குதாமா.”

“நொம்ப சந்தோசம் தம்பி” என்றேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாம் அப்பா உள்ளே இருந்தார். கீர்த்திகாவுக்கு அது ஒன்றுதான் குறை.

என் வீட்டுப் பின்னால் காற்றில் முறிந்து விழுந்த சந்தன மரம் கிடந்தது. கட்டைகளாக அறுத்துக் காப்பிச் சாக்கில் போட்டேன். அவர்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர்கள் வீட்டு விறகுக்கு அடியில் வைத்தேன். ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் பண்ணியதும் நான்தான். வந்தார்கள், மூட்டையைக் குழந்தைவேல் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், ஜீப்பில் ஏற்றினார்கள். கீர்த்திகா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாவம் பிள்ளை. நல்லவேளை, நான் இருந்தேன்.

மளிகைக் கடை சாதிக் பாஷா ஜாமீனுக்கு நிற்பதாகச் சொன்னார். இளகிய மனசுக்காரர். நான் அவர் கடைக்கே போனேன். “ஏனுங்க பாய், அவரு திருப்பூருக்குக் கெளம்பிட்டு இருந்தவருங்க. வெளிய வந்து ஓடிப்போயிட்டா வம்பு உங்களுக்குத்தானுங்களே” என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாய் பின்வாங்கிவிட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் போல நான் வாழ்ந்ததே இல்லை. வீட்டில் மறுபடியும் சத்தம், பாட்டு, சிந்திய சோறு. கண்ணாயி தினமும் வேலை முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். “நீங்க இல்லீன்னா இந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க்கா போவேன்” என்பாள். எனக்குக் கண் கலங்கிவிடும். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கும்.

மாட்டிக்கொண்டது என் கையால்தான். எஸ்டேட் குடோனில் பல வருஷம் காப்பி மூட்டைக்கு வாய் தைத்தவள் நான். இடதுகைக்காரி. மற்றவர்கள் தையல் ஒரு பக்கம் சாய்ந்தால் என் தையல் எதிர்ப்பக்கம் சாயும். “அமுதா தெச்ச மூட்டையக் கண்ண மூடித் தடவியே சொல்லிப்போடுவேன்” என்று குடோன் கணக்கெழுதும் ரைட்டர் கேலி பண்ணுவார். மூட்டை என்று ஒன்று கையில் வந்துவிட்டால் வாய் தைக்காமல் விட எனக்கு மனசு வராது. சந்தனம் திருடுகிறவன் எவனாவது உட்கார்ந்து நெருக்கமாகத் தையல் போடுவானா? நான் போட்டேன். போன மாதம் கீர்த்திகாவின் பள்ளிக்கூடப் பை கிழிந்தபோதும் போட்டேன். அதே கோணி ஊசி, அதே நீல நூல்.

கண்ணாயிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நானும் பிள்ளையும் மட்டும் மனு பார்க்கப் போனோம். குழந்தைவேல் வலைக்கு அந்தப் பக்கம் நின்று பையையே பார்த்தார்.

“கண்ணு, பைய ஆரு சாமி தெச்சுக் குடுத்தது?”

“அமுதாம்மாதானுங்கப்பா. அழகா இருக்குதுங்களா?”

“நொம்ப அழகா இருக்குது சாமி.”

பிறகு என்னைப் பார்த்தார். போட்டோவுக்காக அந்த மூட்டையைக் கையில் பிடித்து நின்றவர் அல்லவா. அன்று எனக்கு எந்தக் கோமாளித்தனமும் வரவில்லை. ஃபாரஸ்ட்காரர்கள் சாக்கைப் பக்கவாட்டில் கிழித்துத்தான் கட்டையை எடுத்திருக்கிறார்கள். அவர் சொல்லி நீங்கள் எடுத்துப் பார்த்தபோது வாய்த் தையல் அப்படியே இருந்ததாமே. உறுதியான தையல், அவ்வளவு சீக்கிரம் பிரியாது.

ஆமாம் அம்மா, வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழந்தைவேல் வெளியே வரட்டும், திருப்பூருக்கும் போகட்டும். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கீர்த்திகாவை என்னை மனு பார்க்கக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, ஆரஞ்சுத் தோல் மறக்காமல் கையில் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காவிட்டால் மனசு விட்டுப்போய்விடும், அம்மா. எனக்குத் தெரியாதா? மாதாமாதம் குழந்தைவேலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே.