எண்ணெய் இட்ட காலில் ஊசி கூடாது

என் பெயர் சத்தியபாய், வயது 57. கணவர் யோசுவா காலமாகி எட்டு வருடம் ஆகிறது. கேரள எல்லையில், வெள்ளறடையிலிருந்து மலைக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். முந்திரி ஆலையில் வேலை பார்த்து, முட்டுவலியால் நின்றுவிட்டேன். ஒரே மகள் லேகா கணவனோடு மங்களூரில் இருக்கிறாள். சுளுக்குத் தடவுவது என் அம்மாவிடமிருந்து வந்த கைப்பழக்கம். வைத்தியர் என்று நான் எங்கும் பலகை மாட்டவில்லை. மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும் என்பதால் தமிழில் எழுதச் சொல்லிக் கூறுவதாவது.

கடந்த ஜூலை ஏழாம் தேதி காலையில், ஆட்டோ ஓட்டும் ஷைஜு தன் ஆறு வயது மகள் அபிஷாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் விழுந்ததிலிருந்து வலது கால் முட்டு வலிக்கிறது, நொண்டுகிறாள் என்றான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதிக்கச் சீட்டு எழுதியிருப்பதாகச் சொல்லி அதையும் காட்டினான். "விழுந்ததுக்கு எதுக்கு மாமி ரத்தம் எடுக்குது?" என்று கேட்டான். "அது அவியளுக்கு ஒரு பழக்கமாக்கும். எண்ணெய் வச்சா ஒம்பது நாளைக்கு ஊசி குத்தப்பிடாது, பாத்துக்க" என்று நான் சொன்னேன். எண்ணெய் இட்ட காலோடு ஊசி குத்தினால் நீர் கோக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பலரும் நம்புவது. அவன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஓட்டத்துக்குப் போய், மதியம் வந்து கூட்டிப்போனான். தாய் ஷீனா காஞ்சிரங்குளத்தில் துணிக்கடையில் வேலை பார்ப்பதால் பகலில் அவர்கள் வீட்டில் ஆள் கிடையாது. நான் அடிபட்ட வலிக்கு இடும் காயத்திருமேனி எண்ணெய் வைத்து மெல்லத்தான் தடவினேன். அதற்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் அவள் கட்டிலில் கிடந்து பேசிக்கொண்டே இருப்பாள். என் கோழிக்கு டீச்சர் என்று பெயர் போட்டாள். "மாமிக்கு ஏன் ஒருத்தரும் போன் பண்ணல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள். "போட்டீ, வாயாடி" என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் முட்டு வலி குறைந்து இடது கணுக்காலில் வலி என்றாள். நாலாம் நாள் இடுப்பு என்றாள். சுளுக்கு இப்படி இடம் மாறாது. அசைத்தால்தான் சுளுக்கு வலிக்கும், இவளுக்கோ சும்மா கிடக்கும்போதும் வலித்தது. முகம் வெளுத்திருந்தது. என் கை படாத முதுகிலும் தோளிலும் நீலம் பாரித்திருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லி, "மாமி, சீட்டு இருக்குல்லா, ரத்தம் பாத்திரட்டா?" என்று ஷைஜு கேட்டான். "எலே, ஒம்பது நாள் கழியட்டும்னு சொன்னேன் இல்லியா? என் பேச்சுல நம்பிக்க இல்லேன்னா கொண்டு போ" என்று சத்தம் போட்டேன். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான்; மறுநாளும் கொண்டுவந்து விட்டான்.

ஒன்பதாம் நாள் பிள்ளையால் காலை ஊன்ற முடியவில்லை. அன்றே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இரத்தப் புற்றுநோய் என்று கண்டு சிகிச்சை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு, நான் முரட்டுத்தனமாகத் தடவியதால்தான் பிள்ளைக்கு வலி கூடி உடம்பில் நீலம் வந்தது என்று ஷைஜு புகார் கொடுத்தான்.

இன்று போலீஸ் நிலையத்தில், இதை எழுதும் போலீஸ்காரர் ஜெயசிங் மருத்துவமனைக் கடிதத்தை எனக்கு விளக்கிச் சொன்னார். எலும்பு மஜ்ஜையில் இந்த நோய் பெருகும்போது பிள்ளைகளுக்கு எலும்பிலும் மூட்டிலும் வலி வரும் என்றும், நீலம் வந்ததும் நோயினால்தான், தடவியதால் அல்ல என்றும் அதில் இருந்தது. "மாமி, உங்க மேல குத்தம் ஒண்ணும் இல்ல. ஒப்பு போட்டுட்டுப் போலாம்" என்றார். "இன்னும் உண்டு மக்கா, எழுது" என்றேன்.

சுளுக்குக்கு என் அம்மா சொல்லித் தந்தது மூன்று நாள் தடவு, ஊசி கூடாது என்ற விலக்கும் அந்த மூன்று நாளுக்குத்தான். ஒன்பது என்றது நான். முதல் நாள் வந்த அரை மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளை பேசிய பேச்சில், இவள் கொஞ்ச நாள் வரட்டும் என்று தோன்றி, வாயில் வந்ததைச் சொன்னேன். நாலாம் நாள் இது சுளுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் மறுநாள் அவள் வரமாட்டாள் என்று சொல்லவில்லை. இது ஷைஜுவுக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நாட்களால் பிள்ளைக்கு என்ன கேடு கூடியது என்று டாக்டரிடம் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஜெயசிங் கேட்டார். வீட்டில் பேச ஆள் இல்லை என்றேன். அதைக் காரணம் என்று எழுத முடியுமா மாமி என்று கேட்டார். எழுது என்றேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒருவரும் சொல்லித் தந்து சொல்லவில்லை.

(ஒப்பம்)
சத்தியபாய்